கொலைப் பொம்மையும் அதன் மறுபிறவியும்

பொம்மைக்கு உயிரில்லை என்பதைக் குழந்தையும் அறியும். அறிந்தும் அதற்குச் சோறூட்டும், தாலாட்டும், கோபித்துக்கொள்ளும், உறங்கும்பொழுது பக்கத்திற் கிடத்திக்கொள்ளும். அப்பாவனை ஒருநாள் மெய்யாகிவிட்டால் என்னாகும் என்னும் ஐயமே கொலைப் பொம்மைப் படங்களுக்கு மூலதனம். பழைய படங்களை இக்காலத்தார் புதுக்கி எடுத்தபொழுது பொம்மை மாறவில்லை. அது கொலை செய்வதற்குரிய காரணம் மாறிற்று. அம்மாறுதலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மக்கள் எதைக் கண்டு அஞ்சுகின்றனர் என்பதும் சரித்திரத்தின் ஒரு பகுதியன்றோ?

முன்னோடிகள்

1936-ம் ஆண்டில் டாட் பிரௌனிங் என்பார் 'தி டெவில் டால்' என்ற படத்தை அமெரிக்காவில் இயற்றினார். செய்யாத குற்றத்திற்காகச் சிறைப்பட்ட ஒருவன், பொம்மையளவாகச் சுருக்கப்பட்ட மனிதரைக் கொண்டு பழிவாங்குவது அதன் கதை. 1945-ல் இங்கிலாந்தில் வெளிவந்த 'டெட் ஆஃப் நைட்' என்னும் படத்தில், வாயசைக்காது பொம்மையைப் பேசவைக்கும் வித்தைக்காரன் ஒருவன் அப்பொம்மைக்கே அடிமையாகிறான். 1963-ல் 'ட்வைலைட் ஸோன்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், மாற்றாந் தந்தையின் வெறுப்புக்கு ஆளான பேசும் பொம்மை அவனையே மாய்க்கிறது. இவை யாவற்றிலும் பொம்மைக்குப் பின்னால் மனிதனுடைய வெறுப்போ வன்மமோ மறைந்து நின்றது.

1988: மந்திரத்தின் பழி

1988-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 'சைல்ட்ஸ் ப்ளே' வெளியாயிற்று. டைரக்டர் டாம் ஹாலண்ட். சிகாகோ நகரத்தில் போலீஸாராற் சுடப்பட்ட கொலைகாரன் ஒருவன், பொம்மைக் கடையொன்றிற் சாகுந் தறுவாயில், வூடூ மந்திரஞ் சொல்லித் தன் உயிரைப் பொம்மையினுட் செலுத்துகிறான். அப்பொம்மையை ஓர் ஏழை விதவை தெருவியாபாரியிடம் மலிவாக வாங்கி, ஆறு வயது மகனுக்குப் பிறந்தநாட் பரிசாக அளிக்கிறாள். பொம்மை பேசுகிறது என்று பிள்ளை சொல்லுகிறான், நம்புவாரில்லை. பின்னர்த் தாய் பெட்டியைக் கவிழ்க்க, பொம்மையை இயக்கவேண்டிய பாட்டரிகள் உள்ளிருந்து விழுகின்றன. இதுகாறும் அது எதனாற் பேசிற்று? அந்தக் கணத்தில் எழும் திகிலே படத்தின் உச்சம் என்போம்.

ஆனால், மூலக்கதையை எழுதிய டான் மன்சினி முதலில் நினைத்தது இதுவன்று. 1983-ல் அமெரிக்கத் தாய் தந்தையர் 'கேபேஜ் பேட்ச்' பொம்மைக்காகக் கடைகளில் ஒருவரையொருவர் தள்ளி நெருக்கிப் போராடினர். 1984-ல் குழந்தைகளுக்குரிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்திற்கு இருந்த வரம்பை அந்நாட்டு அரசாங்க ஆணையம் நீக்கிற்று. பிள்ளைகளின் ஆசையை விலைப்பொருளாக்கிய அவ்வியாபாரத்தைச் சாடவே மன்சினி எழுதத் தொடங்கினார். அவருடைய முதற் பிரதியில் பொம்மைக்கு உயிரளித்தது மந்திரமன்று. தனிமையில் வாடிய சிறுவனின் அடங்கிக் கிடந்த சினமே. பின்னர் அதைத் திருத்தியோர் கொலைகாரனையும் மந்திரத்தையும் புகுத்தினர்.

திருத்தத்தாற் படம் விறுவிறுப்படைந்தது. ஆயினும் பழி இடம்மாறிற்று. வூடூ என்பது ஹெய்ட்டியில் ஆப்பிரிக்க அடிமைகளும் அவர்தம் சந்ததியாரும் வளர்த்த சமயம். அதைக் கொலைவித்தையாகக் காட்டியதனால், கடைத்தெருவை நோக்கி நீண்ட விரல் ஏழைமக்களின் வழிபாட்டை நோக்கித் திரும்பிற்று.

2019: இயந்திரத்தின் பழி

2019-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்படம் அதே பெயரில் மீண்டும் பிறந்தது. நார்வே நாட்டினரான லார்ஸ் கிளெவ்பெர்க் டைரக்ட் செய்தார். மன்சினி இதிற் பங்குகொள்ளவில்லை. இப்படத்தில் மந்திரமில்லை, ஆவியில்லை. வியத்நாம் நாட்டுத் தொழிற்சாலையொன்றில் பொம்மை பூட்டும் தொழிலாளி ஒருவனை மேற்பார்வையாளன் வசைபாடி, வேலையினின்றும் நீக்குகிறான். அம்மேற்பார்வையாளனை நம்மவர் கங்காணி என்று சொன்னால் உடனே விளங்கும். மனம் நொந்த தொழிலாளி, கடைசியாகப் பூட்டிய பொம்மையின் பாதுகாப்புக் கட்டளைகளை அழித்துவிட்டு, கட்டடத்தினின்றும் குதித்து மாள்கிறான்.

அப்பொம்மை கடலைக் கடந்து ஒரு சிறுவனிடம் சேர்கிறது. அது அவனை வெறுக்கவில்லை. அவனை மகிழ்விப்பதொன்றே அதன் தொழில். சிறுவர் கூடிக் கொடூரமான படமொன்றைக் கண்டு சிரிக்கின்றனர். கத்தியால் வெட்டினால் நண்பன் சிரிப்பான் என்று பொம்மை கற்றுக்கொள்ளுகிறது. ஆதலின் இங்கே கொலையைக் கற்பித்தோர் பேய்களல்லர், மனிதரே.

இந்த மாறுதலை நாம் வரவேற்கிறோம். எனினும் ஒரு குறையையும் சொல்லவேண்டும். அத்தொழிலாளியின் துயரம் தொடக்கத்திற் சில நிமிஷங்களே காட்டப்படுகிறது. அவனைக் கருவியாக்கிக் கதையைத் தொடங்கியோர் பின்னர் அவனை மறந்தனர்.

புதுக்கம் எப்பொழுதும் நேர்வழியிற் செல்வதில்லை என்பதற்கு மற்றொரு சான்றுமுண்டு. 1989-ல் வந்த 'பப்பட் மாஸ்டர்' படத்திற் பொம்மலாட்டக்காரன், நாஜிகளின் கையிற் சிக்காதிருக்கத் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளுகிறான். 2018-ல் வெளிவந்த புதுப்படத்திலோ அவனே நாஜி. அவனுடைய பொம்மைகள் யூதர்களையும் பிற சிறுபான்மையோரையும் தேடிக் கொல்கின்றன. இனவெறி மாண்டவனோடு மாளவில்லை என்பது அதன் கருத்து. ஆனால் கொடுமையை எடுத்துக்காட்டுவதற்கும் அதை வேடிக்கையாக்குவதற்கும் இடையேயுள்ள எல்லையை அப்படம் காத்ததாக நாம் கருதவில்லை.

நாம் அஞ்சவேண்டியது

படத்தில் ஒரு தொழிலாளி மாண்டான். மெய்யாக நடந்ததைக் கேளுங்கள். 1993-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி, நமது அண்டை நாடாகிய தாய்லாந்தில், பாங்காக்கிற்கு அருகேயிருந்த கேடர் பொம்மைத் தொழிற்சாலை தீப்பற்றியது. வாயில்கள் சில பூட்டிக் கிடந்தன. கட்டடம் விரைவிற் சரிந்தது. 188 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்கள் செய்த பொம்மைகள் அமெரிக்கக் குழந்தைகளின் கட்டில்களுக்குச் சென்றவை. 2017-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஜெர்மன் அரசாங்கம் 'கெய்லா' என்னும் பேசும் பொம்மையைத் தடைசெய்தது. வீட்டுப் பேச்சை இரகசியமாக வெளியே அனுப்பக்கூடிய கருவி அது என்பதே காரணம். இவ்விரண்டிலும் மந்திரவாதி எங்கேயிருந்தான்?

நேயர்காள்! இருட்டிற் பொம்மையைக் கண்டு குழந்தை அஞ்சினால், பேய்க்கதை சொல்லி அவ்வச்சத்தை வளர்க்காதீர். திருநீறிட்டு வாயை அடக்கவும் வேண்டா. விளக்கையேற்றிப் பொம்மையைக் கையிலெடுத்துக் காட்டுங்கள். அதன் அடியில் எந்த நாட்டிற் செய்தது என்று பொறித்திருக்கும். அதைக் குழந்தையையே படிக்கச்சொல்லி, இதைச் செய்த கைகள் யாருடையவை, அக்கைகளுக்கு என்ன கூலி கிடைத்தது என்று பேசுங்கள். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் நம் மக்களின் பிள்ளைகளுக்கு அக்கேள்வி எளிதில் விளங்கும்.