துண்டு

ஊழல் என்றவுடன் இருளிலே கைமாறும் பணமே நம் நினைவுக்கு வருகின்றது. மலைநாட்டுத் தோட்டங்களிலோ பட்டப்பகலில், துரையின் கையொப்பத்தோடு நடமாடிய ஊழல் ஒன்று இருந்தது. ‘துண்டு’ என்பது அதன் பெயர்.

கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் பெருந்தொகையான ஆட்கள் வேண்டும். நோயினால் கோப்பி அழிந்து, 1880களில் தேயிலை பரவியபோது, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கத் தொழிலாளர் தேவைப்பட்டனர். கங்காணிமார் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து அவர்களைத் திரட்டி வந்தார்கள். தோட்டம் கொடுத்த முன்பணத்தை வாங்கியவர் கங்காணி. கடனாளி ஆனவனோ தொழிலாளி. எழுத்தறியாத அவன் அந்தக் கணக்கை எங்ஙனம் சரிபார்ப்பான்?

கங்காணி தம் ஆட்களுடன் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், அவர்களுடைய கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் அவர்களை விடுவிக்கலாம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. அதனை ஏந்திக் கங்காணி தோட்டந்தோட்டமாக ஏறி இறங்குவார். ஐந்நூறு ரூபாய்த் துண்டுக்கு ஆள் தட்டுப்பாட்டில் தவித்த ஒரு துரை எழுநூறு கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கடன் போக இருநூறு கங்காணியின் மடியில் விழும்; எழுநூறும் தொழிலாளர் தலையில் ஏறும். தோட்டம் மாறுந்தோறும், ஒரு சதமும் கையில் வாங்காமலே அவர்கள் கடன் வளர்ந்தது! வேலைக்கு வந்த தலைகளை எண்ணிக் கங்காணிக்குத் ‘தலைக்காசு’ம் கிடைத்தபடியால், காய்ச்சல்காரனையும் மலைக்கு விரட்டுவதிலே அவருக்கு ஆதாயம் இருந்தது.

கங்காணியை மட்டும் பழிப்பது எளிது. துண்டு முறையைக் குறைகூறிய துரைமாரே அயல் தோட்டத்து ஆட்களை இழுக்க முன்பணத்தை அள்ளிக் கொடுத்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. சட்டமும் அவர்கள் பக்கமே நின்றது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையில் அடைக்க அது இடமளித்தது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கம் ஒன்று அமைத்து, இக்கொடுமைகளுக்கெதிராக வாதாடினார். 1921இல் துண்டு சட்டத்தால் ஒழிந்தது. அச்சிறைத் தண்டனையும் நீங்கியது. ஆயினும் கங்காணியின் கணக்கேடு உடனே மூடப்படவில்லை. அயலார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு புகுந்து, அந்நிலைமையை நேரில் அறிந்தார். பின்னர் அவரும் துணைவியார் மீனாட்சியம்மையும் ஊரூராகச் சென்று தொழிலாளரைத் திரட்டினர். அம்மையார் பாட்டுப் பாடியே கூட்டம் சேர்த்தார். 1931இல் ஹற்றனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் ஒன்று நடேசய்யரால் தொடங்கப்பெற்றது.