டப்பா ஆண்டெனா

டப்பா ஆண்டெனா என்பது காலித் தகர டப்பாவைக் கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய, ஒரே திசையை நோக்கும் வைஃபை ஆண்டெனா. கேன்டெனா என்றும் அழைப்பர். பக்கத்துக் கட்டடத்துக்கோ தோட்டத்து மோட்டார் அறைக்கோ இணைய இணைப்பைக் கொண்டுபோக இது உதவும்.

ரௌட்டரின் குச்சி ஆண்டெனா அலைகளைச் சுற்றிலும் பரப்புகிறது. டப்பா அந்த ஆற்றலைக் கூட்டுவதில்லை; ஒரு பக்கமாகக் குவிக்கிறது. நன்றாகச் செய்தால் 8 முதல் 12 டெசிபெல் வரை ஆதாயம் கிடைக்கும். 10 டெசிபெல் என்றால் அத்திசையில் பத்து மடங்கு வலு. எதிர்முனையிலிருந்து வரும் மெல்லிய அலையையும் அதே அளவு நன்றாக வாங்கும் என்பதே இதன் பெரிய பலம்.

வெற்றி தோல்வியை அளவுகளே தீர்மானிக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.3 செ.மீ. டப்பாவின் விட்டம் 7.3 செ.மீ.க்குக் குறைந்தால் அலை உள்ளே ஓடாது, 9.5 செ.மீ.யைத் தாண்டினால் வேறொரு அலைவடிவமும் கலந்துவிடும். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆர்வலர்களிடம் பெயர்பெற்ற பிரிங்கிள்ஸ் சிப்ஸ் குழாய் இந்தக் கீழ் எல்லையை ஒட்டியது. சற்று அகலமான தகர டப்பாவே மேல்.

உள்ளே நீட்டி நிற்கும் செம்புக் கம்பி கால் அலைநீளம், அதாவது ஏறத்தாழ 31 மி.மீ. இருக்க வேண்டும். டப்பாவின் மூடிய அடியிலிருந்து அது நிற்கும் தூரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். டப்பாவுக்குள் அலைநீளம் வெளியில் உள்ளதைவிட நீண்டுவிடும். 9 செ.மீ. விட்டமுள்ள டப்பாவில் அத்தூரம் ஏறக்குறைய 5 செ.மீ.; டப்பாவின் நீளம் 15 செ.மீ.

செம்புக் கம்பியை வைஃபை கருவியோடு இணைக்கும் ஆர்ஜி-58 கேபிள் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபெல்லை விழுங்கும். ஆகவே யூஎஸ்பி வைஃபை கருவியை டப்பாவின் அருகிலேயே வைத்து, யூஎஸ்பி கம்பியை நீட்டுவது நல்லது. இரு முனைகளின் செம்புக் கம்பிகளும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். இடையில் ஈர இலைகள் வந்தால் அலை தேய்ந்துபோகும். ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு, நடுவழியில் பார்வைக்கோட்டைச் சுற்றி 5.6 மீட்டர் ஆரமுள்ள வெளியில் பெரும்பகுதி தடையின்றி இருக்க வேண்டும்.

இந்தியாவில் இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை. ஆண்டெனா ஆதாயத்தையும் சேர்த்துக் கணக்கிடும் திறன் 4 வாட்டுக்கு மேல் போகக்கூடாது.

இதே தத்துவம் பெரிய வலைத்தட்டு ஆண்டெனாக்களில் பல கிலோமீட்டர் எட்டும். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2000களின் நடுவில் அவ்வகை வைஃபை இணைப்புகளை நிறுவினர். சுற்றுவட்டாரக் கண் மையங்களுக்கு வந்தவர்கள், தேனியிலிருந்த மருத்துவரிடம் வீடியோவில் கண்ணைக் காட்டி ஆலோசனை பெற்றனர்.