நாறும் நீரோடை

மத்திய பர்மாவின் வறண்ட மேட்டு நிலத்திலே, ஐராவதி நதியின் கிழக்குக் கரையில் யெனாங்யாவுங் என்றோர் ஊர் உளது. 'நாறும் நீரோடை' என்பது அப்பெயரின் பொருள். அந்நாற்றம் நில எண்ணெயின் நாற்றம். ஐராவதிப் படுகையின் மணற்பாறைகள் அவ்விடத்தில் வில்போல் மேல்வளைந்திருத்தலால், எண்ணெய் அவ்வளைவின் முகட்டில் திரண்டு, அதிக ஆழமின்றியே அகப்பட்டது.

அமெரிக்காவில் 1859ஆம் ஆண்டு ட்றேக் என்பார் துளைத்த கிணற்றையே எண்ணெய்த் தொழிலின் தொடக்கமாகப் பலர் கூறுவர். ஆனால் 1797இல் யெனாங்யாவுங் சென்ற ஹைரம் கொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஆங்கு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கிணறுகள் இருந்தமையை எழுதி வைத்துள்ளார். விளக்கெரிக்கவும், படகு முதலிய மரவேலைகளுக்குப் பூசவும், ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரியாது காக்கவும் அவ்வெண்ணெய் பயன்பட்டது.

கிணறு தோண்டும் உரிமை 24 குடும்பங்களுக்கே பரம்பரையாக உரியதாய் இருந்தது. கிணற்றுக்கு உரியோரைத் 'துவின்சா' என்றழைத்தனர். தோண்டுவோன் இடுப்பிலே கயிறு கட்டி ஆழத்துக்கு இறக்கப்படுவான். இருட்டுக்குப் பழகும்பொருட்டு, இறங்குமுன்னரே அவன் கண்களைத் துணியாற் கட்டிவைப்பர். விளக்குக் கொண்டுசெல்ல முடியாது. கிணற்றை நிரப்பிநிற்கும் ஆவி தீப்பற்றிவிடும். அவ்வாவியினால் மூச்சுத் திணறுமாகையால், சிறிது நேரம் மண்ணைக் கொத்தியதும் மேலே உள்ளோர் கயிற்றைப் பற்றிச் சரிவிலே ஓடி அவனை இழுத்தெடுப்பர். பிற்காலத்தில், கடலிற் குளிப்போர் அணியும் தலைக்கவசத்தைக் குழாய்வழிக் காற்றுடன் அணிந்து இறங்கினர். முத்துக்குளிப்புக் கருவி மலைநாட்டுக் கிணற்றுக்கு வந்தது விந்தையே.

மிண்டோன் மன்னர் எண்ணெய் வாணிகத்தைத் தம் கைப்படுத்தினார். 1885இல் ஆங்கிலேயர் மேற்பர்மாவைக் கைப்பற்றினர். மறு ஆண்டே பர்மா எண்ணெய்க் கம்பனி தோன்றியது. இயந்திரத் துளைகருவிகள் வந்தன. துவின்சாக்களுக்கென ஆட்சியாளர் நிலம் ஒதுக்கினரேனும், கம்பனிகள் தந்த பணத்துக்கு அவருட் பலர் கிணற்றிடங்களை விற்றனர். அவர்களைக் குறைகூறுதல் எளிது. முந்நூறடிக் கிணற்றுள் இறங்குதல் எளிதன்று. பர்மாவில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டே அக்கம்பனி பாரசீகத்தில் எண்ணெய் தேடிற்று. 1909இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனி பிறந்தது.

1938இல் எண்ணெய் வயற் றொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, இரங்கூன் நோக்கி நடந்தனர். 1942 ஏப்பிரிலில் யப்பானியப் படை நெருங்கியபோது, பிரித்தானியப் படையினரே கிணறுகளையும் பொறிகளையும் அழித்தனர். இழப்பீடு கோரிய கம்பனிக்குச் சார்பாகப் பிரபுக்கள் சபை 1964இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் பழைய காலத்துக்கும் செல்லும் சட்டமொன்றை இயற்றி அத்தீர்ப்பின் பயனை அழித்துவிட்டது. அதற்குள், 1963இலேயே, எண்ணெய்த் தொழில் பர்மா அரசின் உடைமையாகிவிட்டிருந்தது.

கம்பனி வெளியேறி அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், 2010ஆம் ஆண்டுகளில் அம்மாவட்டத்து ஏழைகள் முக்காலிக் கம்பங்கள் நாட்டி, சிறு பொறிகளால் நிலத்தைத் துளைத்து, பீப்பாய்க் கணக்கில் எண்ணெய் எடுத்து வந்தனர்.