குத்தகை இணைய இணைப்பு

குத்தகை இணைய இணைப்பு என்பது ஒரு நிறுவனத்தின் தனிப் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்டு, ஒப்பந்தத்தில் குறித்த வேகம் இரு திசைகளிலும் எந்நேரமும் கிடைக்குமாறு வழங்கப்படும் இணைய இணைப்பு ஆகும். வணிக வழக்கில் இது லீஸ்டு லைன் என்றே பெரிதும் அழைக்கப்படுகின்றது. வங்கிகள், மென்பொருள் நிறுவனங்கள், மருத்துவமனைகள், அழைப்பு மையங்கள், கல்லூரிகள் முதலியன இதனைப் பயன்படுத்துகின்றன. இதன் கட்டணம் வீட்டு அகலப்பட்டைக் கட்டணத்தைவிடப் பன்மடங்கு கூடியது. ஒப்பந்தமும் பெரும்பாலும் ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காலத்திற்குச் செய்யப்படுவதால், வழங்குநரைத் தவறாகத் தெரிவு செய்துவிட்டால் இடையில் மாற்றுவது எளிதன்று.

அகலப்பட்டையிலிருந்து வேறுபாடு

வீட்டு ஒளியிழை இணைப்புகள் பலவற்றில் ஒரே இழை 32 அல்லது 64 வாடிக்கையாளர்களுக்குப் பிரிக்கப்படுகின்றது. பரவலாக உள்ள ஜிபான் முறையில் இவர்கள் அனைவரும் இறக்கத்திற்கு நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட்டையும், ஏற்றத்திற்கு 1.25 கிகாபிட்டையும் பகிர்ந்து கொள்கின்றனர். எனவே விளம்பரத்தில் வரும் வேகம் உச்ச அளவேயன்றி உறுதியளிக்கப்பட்ட அளவன்று. குத்தகை இணைப்பில் பகிர்வு விகிதம் 1:1 எனக் கூறப்படும். ஆயினும் இவ்வுறுதி வழங்குநரின் வலையமைப்பு எல்லை வரைக்குமே பொருந்தும். அதற்கு அப்பால் வழங்குநர் எவ்வளவு கொள்ளளவை வாங்கி வைத்துள்ளார் என்பதைப் பொறுத்தே உண்மையான வேகம் அமையும். விற்பனையாளர்கள் இதனைத் தாமாகக் கூறுவது அரிது.

இந்தியாவில் வளர்ச்சி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை ஆகஸ்ட் 15, 1995 அன்று வி.எஸ்.என்.எல். தொடங்கியது. நவம்பர் 1998 இல் தனியார் வழங்குநர்கள் அனுமதிக்கப்படும் வரை தெரிவு என்ற பேச்சிற்கே இடமிருக்கவில்லை. அக்காலத்தில் இணைப்புகள் 64 கிலோபிட்டின் மடங்குகளாக விற்கப்பட்டன. 64 கிலோபிட் தடங்கள் 32 சேர்ந்த 2.048 மெகாபிட் இணைப்பு ஈ1 எனப்பட்டது. அமெரிக்காவில் இதற்கு இணையான டி1 இன் வேகம் 1.544 மெகாபிட் ஆகும்.

சென்னையைச் சிங்கப்பூருடன் இணைக்கும் ஐ2ஐ கடலடி வடம் 2002 இலும், அதே இரு இடங்களுக்கிடையே டாட்டாவின் வடம் 2004 இலும் செயற்பாட்டுக்கு வந்தன. 2003 இல் நிறுவப்பட்ட நிக்சி என்னும் இணையப் பரிமாற்ற மையம், உள்நாட்டுப் போக்குவரத்து வெளிநாடு சென்று திரும்பும் நிலையைக் குறைக்க முனைந்தது. ஒரு வழங்குநர் இத்தகைய பரிமாற்ற மையங்களில் நேரடியாக இணைந்துள்ளாரா என்பது இன்றும் கேட்கத்தக்க வினாவாகும்.

கடைசி மைல்

வழங்குநரின் அண்மைய நிலையத்திலிருந்து வாடிக்கையாளரின் கட்டடம் வரையுள்ள பகுதி கடைசி மைல் எனப்படும். பழுதுகள் பலவும் இங்கேதான் நிகழ்கின்றன. மண்ணில் புதைத்த ஒளியிழை, மின்கம்பங்களில் தொங்கவிட்ட ஒளியிழை, வானலை இணைப்பு ஆகிய மூன்றும் விலைப்பட்டியலில் ஒரே வேகத்துடன் காணப்படலாம். நம்பகத்தன்மையில் அவை ஒன்றல்ல. தொங்கும் இழையை உயரமான சரக்குந்து அறுத்துவிடும். புதைத்த இழைக்கு மழைநீர் வடிகால் பணியே பகை. வானலையில், 10 கிகாஎர்ட்சுக்கு மேற்பட்ட அலைவெண்கள் கடும் மழையில் வலுவிழக்கும். உரிமம் தேவைப்படாத 5 கிகாஎர்ட்சுப் பட்டையில் அண்டைக் கருவிகளின் குறுக்கீடு மிகும்.

சில வழங்குநர்கள் கடைசி மைலை வேறொரு நிறுவனத்திடமிருந்து வாடகைக்குப் பெறுவர். அவ்வாறாயின் பழுது நேரும்போது இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டிக் கொண்டிருக்க, அலுவலகம் இணைப்பின்றி இருக்கும். ஆகையால் இழை யாருக்குச் சொந்தம், அதனைச் சரிசெய்யும் பணியாளர் யாருடையவர் என்பதை எழுத்தில் பெறுதல் நன்று. அதே கட்டடத்தில் இயங்கும் பிற அலுவலகங்களை விசாரிப்பது எந்த விளம்பர ஏட்டையும்விடப் பயனுள்ளது.

சேவைத்தர உடன்படிக்கை

கூடுதல் கட்டணத்திற்கு ஈடாக வாங்கப்படுவது உண்மையில் இவ்வுடன்படிக்கையே எனலாம். இதில் இணைப்பு இயங்கும் நேரம் விழுக்காட்டில் தரப்படும். 99.5 விழுக்காடு என்பது 30 நாள் மாதமொன்றில் 3.6 மணிநேரத் தடையை அனுமதிக்கின்றது. 99.9 விழுக்காட்டில் இது ஏறத்தாழ 43 நிமிடங்கள். கணக்கு மாதத்திற்கா ஆண்டிற்கா என்பதும் முக்கியமாகும். ஆண்டுக் கணக்கில் 99.5 விழுக்காடு எனில், ஒரே தடவையில் 43 மணிநேரம் இணைப்பு அறுந்திருந்தாலும் வழங்குநர் வாக்குத் தவறியவராகார்.

தடை நேர்ந்தால் கிடைக்கும் ஈடு பொதுவாக அம்மாதக் கட்டணத்தின் ஒரு பகுதியே. வணிக இழப்பு ஈடு செய்யப்படுவதில்லை. திட்டமிட்ட பராமரிப்பு, வாடிக்கையாளர் பக்க மின்தடை, இயற்கைப் பேரிடர் ஆகியவை கணக்கிலிருந்து விலக்கப்படுவதும் வழக்கம்.

தாமத அளவும் எந்த இடம் வரை அளக்கப்படுகின்றது என்பதுடன் சேர்த்தே படிக்கப்பட வேண்டும். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னை - சிங்கப்பூர் வடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் ஆதலால், போய்வர 32 மில்லிநொடிகளாவது ஆகும். 5 மில்லிநொடி என்று உறுதியளிக்கப்படுமாயின் அது வழங்குநரின் சொந்த நிலையம் வரையிலான அளவு என்று கொள்ள வேண்டும்.

இரண்டாம் இணைப்பு

தடையைத் தாங்க இயலாத நிறுவனங்கள் இரு வழங்குநர்களிடம் இணைப்புப் பெறுகின்றன. இரண்டும் ஒரே குழாய் வழியே கட்டடத்தை அடையுமாயின் ஒரு தோண்டும் இயந்திரமே இரண்டையும் துண்டிக்கும். கடலிலும் இதே நிலைதான். ஜனவரி 30, 2008 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே இரு கடலடி வடங்கள் சேதமடைந்தபோது, வேறு வேறு வழங்குநர்களைக் கொண்டிருந்த இந்திய நிறுவனங்களும் ஒருசேரப் பாதிக்கப்பட்டன. எனவே வழங்குநரின் பெயர்களையன்றி வழித்தட வரைபடங்களையே ஒப்பிட வேண்டும்.

வழங்குநர் தரும் ஐ.பி. முகவரிகள் ஒப்பந்தம் முடிந்ததும் அவரிடமே திரும்பும். சொந்த முகவரித் தொகுதியும் தன்னாட்சி அமைப்பு எண்ணும் பெற்ற நிறுவனம், பி.ஜி.பி. நெறிமுறை வழியாக இரு வழங்குநர்களையும் ஒருங்கே பயன்படுத்தலாம். வழங்குநரை மாற்றினாலும் முகவரி மாறாது. இந்தியாவில் இவற்றை நிக்சியின் கீழுள்ள இரின் பதிவகம் வழங்குகின்றது.

கட்டணம்

மாதக் கட்டணத்துடன் நிறுவுகைக் கட்டணம், திசைவி வாடகை, 18 விழுக்காடு சரக்கு சேவை வரி ஆகியவற்றையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். வேகத்தைப் பின்னர் உயர்த்துவதற்கும், முன்கூட்டியே விலகுவதற்கும் உரிய கட்டணங்களைக் கையொப்பத்திற்கு முன்னரே பேசிக்கொள்ளலாம். பிறகு பேச இடமிராது.

எல்லா நிறுவனங்களுக்கும் குத்தகை இணைப்பு தேவை என்பதில்லை. மின்னஞ்சல், கணக்கு மென்பொருள் ஆகியவற்றோடு பணி முடிந்துவிடும் சிறு அலுவலகத்திற்கு, வெவ்வேறு வழித்தடங்களில் வரும் இரு வீட்டுவகை ஒளியிழை இணைப்புகள் குறைந்த செலவில் போதுமானவை. குத்தகை இணைப்பைப் பெறும் நிறுவனங்கள், வேலைநாளின் பரபரப்பான நேரத்தில் இரு திசைகளிலும் முழுவேகச் சோதனை நடத்தி, அதில் தேறிய நாளிலிருந்தே கட்டணம் தொடங்கும் என ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.