ஒரு கூட்டல் குறிக்கு முன்னாடி 45 வருஷம்

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரே ஒரு குறியைப் பத்தி. கூட்டல் குறி. லினக்ஸ் சர்வர்ல ஒரு சர்வீஸ் ஃபைலைத் திறந்து பார்த்தா, சில சமயம் ஒரு கமாண்டுக்கு முன்னாடி இந்த + ஒட்டிக்கிட்டு நிக்கும். பார்க்கறதுக்கு யாரோ தவறுதலா தட்டின மாதிரி இருக்கும். ஆனா அந்தக் குறி இருக்கிற வரி, சர்வீஸ் கிளம்பும்போது முழு ரூட் அதிகாரத்தோட ஓடும். அதே ஃபைல்ல "இந்த சர்வீஸ் சாதாரண யூசராத்தான் ஓடணும்"னு எழுதியிருந்தாலும், இந்த வரிக்கு மட்டும் அது செல்லாது.

நாம டிக்கெட் போடுற சைட், சாப்பாடு சொல்ற ஆப், இதுக்கெல்லாம் பின்னாடி பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடுது. அங்க ஒரு சர்வீஸ் கண் விழிக்கிற முதல் சில நொடிகள்ல யார் கையில சாவி இருக்குங்கிறது, நம்ம டேட்டா யார் கையில இருக்குங்கிற கேள்வியும்கூட. அதனால இந்தக் கதையை நாம கேட்கணும்னு நினைக்கிறேன்.

1971-க்குப் போவோம். அமெரிக்காவில் பெல் லேப்ஸ். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கிட்டிருந்த காலம். யூனிக்ஸில் ரெண்டே ஜாதி. எண் 0 உள்ள யூசர், அதாவது ரூட், எதையும் செய்யலாம். மத்த எல்லாரும் அவங்கவங்க எல்லைக்குள்ள. இதுல உடனே ஒரு சிக்கல் வருது. என் பாஸ்வேர்டை நான் மாத்தணும்னா, பாஸ்வேர்டு ஃபைலைத் திருத்தணும். அதைத் திருத்துற உரிமை ரூட்டுக்கு மட்டும்தான். சின்ன வேலை ஒவ்வொண்ணுக்கும் ரூட்டைக் கூப்பிட முடியுமா?

ரிட்சி சொன்ன தீர்வுதான் செட்-யூஐடி. ஒரு புரோகிராமை யார் ஓட்டினாலும் சரி, அது தன் உரிமையாளரோட அதிகாரத்துல ஓடும். நான் ஓட்டினாலும் பாஸ்வேர்டு மாத்துற புரோகிராம் ரூட்டா ஓடும். வேலை முடிஞ்சதும் அதிகாரமும் போயிடும். இதுக்கு 1979-ல அமெரிக்கக் காப்புரிமையும் கிடைச்சுது, பிறகு அதைப் பொதுவுக்கே விட்டுட்டாங்க. அதிகாரத்தைக் கொஞ்ச நேரத்துக்குக் கடன் கொடுக்கிற இந்த யோசனைதான் இன்னைக்கு நாம பேசுற எல்லாத்துக்கும் விதை.

அடுத்து 1980-கள். பெர்க்லியில் உருவான பிஎஸ்டி யூனிக்ஸில் ஒரு விதி வந்தது. 1024-க்குக் கீழே இருக்கிற நெட்வொர்க் போர்ட்டை ரூட் மட்டும்தான் திறக்கலாம். சின்ன எண் போர்ட்டில் இருந்து யாராவது பேசினா, அந்தப் பக்கம் இருக்கிறது நம்பகமான நிர்வாகிதான்னு அன்னைக்கு நம்பினாங்க. அந்த நம்பிக்கை எப்பவோ காலாவதி ஆயிடுச்சு, விதி மட்டும் தங்கிடுச்சு.

அதோட விளைவைப் பாருங்க. வெப் சர்வர் 80-ஆம் போர்ட்டைத் திறந்தாகணும். அப்போ அது ரூட்டாதான் கிளம்பணும். அதனால அப்பாச்சி போன்ற சர்வர்கள் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கிட்டாங்க. ரூட்டா எழுந்திரு, போர்ட்டைத் திற, அப்புறம் வர்ற ரிக்வெஸ்ட்டைக் கையாள்ற வேலையை சாதாரண யூசரா ஓடுற குழந்தை ப்ராசஸ்கள்கிட்ட கொடுத்துடு. 2002-ல நீல்ஸ் ப்ரோவோஸ் முன்னெடுத்த மாற்றத்தால ஓபன்-எஸ்எஸ்ஹெச்சும் தன்னை ரெண்டாப் பிரிச்சுக்கிச்சு. வெளியாள் லாகின் ஆகுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட பேசுற பகுதிக்கு அதிகாரமே கிடையாது. அதிகாரம் உள்ள சின்னப் பகுதி பின்னாடி காவல் நிக்கும்.

இதெல்லாம் புரோகிராம் கிளம்பின பிறகு நடக்கிற கதை. அதுக்கும் முன்னாடி ஒரு கட்டம் இருக்கு. அங்கதான் நம்ம + குறி வருது.

பழைய லினக்ஸில் ஒவ்வொரு சர்வீஸையும் கிளப்ப ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கும். இனிட் ஸ்கிரிப்ட்னு சொல்வாங்க. ஸ்கிரிப்ட் முழுக்க ரூட்டா ஓடும். ஃபோல்டர் உருவாக்கும், லாக் ஃபைலை உருவாக்கி சர்வீஸ் யூசர் பேருக்கு எழுதிக் கொடுக்கும், கடைசியா அந்த யூசரா மாறி சர்வீஸைக் கிளப்பும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் வேற வேற ஆள் எழுதின ஸ்கிரிப்ட். நூறு வரியில எந்த வரிக்கு நிஜமாவே ரூட் தேவை, எது சும்மா ரூட்டா ஓடுதுன்னு பிரிச்சுப் பார்க்க வழியே கிடையாது.

2010-ல லெனார்ட் பெட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியைக் கொண்டுவந்தாங்க. 2015-ல டெபியனும் உபுண்டுவும் அதுக்கு மாறின பிறகு, லினக்ஸ் உலகத்துல பெரும்பகுதி அதுதான். இதுல ஷெல் ஸ்கிரிப்டுக்குப் பதிலா ஒரு சின்ன ஃபைல் போதும். "யூசர்="னு ஒரு வரி போட்டா, சர்வீஸ் அந்த யூசராவே பிறக்கும். ரூட்டா எழுந்து அப்புறம் இறங்குற வேலையே வேண்டாம்.

ஆனா ஒரு இடறல். சர்வீஸுக்கு முன்னாடி ஓடுற தயாரிப்பு கமாண்டுகளும் அதே சாதாரண யூசராத்தான் ஓடும். இப்போ உங்க சர்வீஸுக்கு "ரன்" ஃபோல்டருக்குள்ள ஒரு இடம் வேணும்னு வெச்சுக்கோங்க. அந்த ஃபோல்டர் மெமரியில் இருக்கிறது, மெஷினை ரீபூட் பண்ணா துடைச்சுப் போயிடும். ஒவ்வொரு தடவையும் புதுசா உருவாக்கணும், உருவாக்க ரூட் வேணும். சாதாரண யூசர் முயற்சி பண்ணா "அனுமதி இல்லை"ங்கிற பதில்தான் வரும்.

முதல்ல கொடுத்த தீர்வு முரட்டுத்தனமானது. "பெர்மிஷன்ஸ்-ஸ்டார்ட்-ஒன்லி"ன்னு ஒரு சுவிட்ச். போட்டா முக்கிய கமாண்ட் மட்டும் சாதாரண யூசரா ஓடும். முன்னாடி ஓடுறது, பின்னாடி ஓடுறது, நிறுத்தும்போது ஓடுறது எல்லாமே ரூட். ஒரு வரிக்குச் சாவி கேட்டா மொத்தக் கொத்தையும் கொடுத்த மாதிரி. இன்னைக்கு அதைக் கைவிட்டாச்சு. 2016 ஜூலையில் வந்த 231-ஆம் பதிப்புலதான் + வந்தது. எந்த வரிக்குத் தேவையோ அந்த வரிக்கு மட்டும். 1971-ல இருந்து எண்ணினா 45 வருஷம். அதிகாரக் கடன் ஒரே ஒரு வரி அளவுக்குச் சுருங்கியிருக்கு.

அப்போ பிரச்சனை தீர்ந்துதா? அதே 2016 செப்டம்பர்ல டெபியன் ஒரு அவசரத் திருத்தம் வெளியிட்டாங்க. டாம்கேட் சர்வரோட இனிட் ஸ்கிரிப்டில் இருந்த ஓட்டை. டாவிட் கொலுன்ஸ்கிங்கிற பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடிச்சது. ஸ்கிரிப்ட் செஞ்சது ரொம்ப அப்பாவி வேலை. ரூட்டா நின்னு, லாக் ஃபைலோட உரிமையை டாம்கேட் யூசருக்கு மாத்திக் கொடுக்கும். ஆனா அந்த லாக் ஃபைல் இருக்கிற ஃபோல்டர் டாம்கேட் யூசரோடது. ஏதோ ஒரு வெப் ஆப் வழியா அந்த யூசரா உள்ள நுழைஞ்ச ஒருத்தர், லாக் ஃபைலை அழிச்சுட்டு, அதே பேர்ல பாஸ்வேர்டுகள் இருக்கிற ஷேடோ ஃபைலுக்கு ஒரு இணைப்பு வெச்சா போதும். அடுத்த ரீஸ்டார்ட்டில் ரூட் தானே வந்து, ஷேடோ ஃபைலை டாம்கேட் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடும்.

பத்திர ஆபீஸ் கணக்கா யோசிச்சுப் பாருங்க. அதிகாரி தினமும் வந்து, "நாலாம் நம்பர்"னு போர்டு இருக்கிற வீட்டை உங்க பேருக்குப் பதிவு பண்றார். போர்டு மாட்டுறது உங்க வேலை. ஒருநாள் ராத்திரி போர்டைக் கழட்டிப் பக்கத்து வீட்டுல மாட்டிடுறீங்க. அதிகாரி நேர்மையானவர்தான், முத்திரையும் அசல்தான், பறிபோனது பக்கத்து வீடு. இது பழைய ஸ்கிரிப்டில் நடந்த தப்புதான். ஆனா + போட்ட வரியில் அதே உரிமை மாத்துற கமாண்டை எழுதினாலும் அதே ஆபத்துதான்.

2017-ல இன்னொண்ணு. "0டே"ன்னு எண்ணுல ஆரம்பிக்கிற பேரை யூசர் வரியில் கொடுத்தா, சிஸ்டம்டி அதைச் செல்லாத பேர்னு ஒதுக்கிட்டு, அந்த வரியே இல்லாத மாதிரி நடந்துக்கிச்சு. யூசர் வரி இல்லேன்னா? சர்வீஸ் ரூட்டா ஓடும். முதல்ல இது பிழையே இல்லைன்னு சிஸ்டம்டி தரப்புல சொன்னாங்க, பெரிய விவாதம் ஆச்சு. பிறகு, பேர் செல்லாதுன்னா சர்வீஸையே கிளப்ப மறுக்கிற மாதிரி மாத்தினாங்க. எனக்கு இதுல சரின்னு படுறது அந்த மறுப்புதான். சந்தேகம் வந்தா நிக்கணும். சந்தேகத்தோட பலனை ரூட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

இன்னைக்கு + இல்லாமலே நிறைய வேலை நடக்கும். "ரன்டைம்-டைரக்டரி"ன்னு ஒரு வரி எழுதினா, ஃபோல்டரை உருவாக்கி உரிமை கொடுக்கிறதை சிஸ்டம்டியே பார்த்துக்கும். போர்ட் 80-க்கும் ரூட் தேவையில்லை. ரூட் அதிகாரத்தைத் துண்டுதுண்டாப் பிரிக்கிற வசதி 1999-ல வந்த லினக்ஸ் 2.2 கர்னல்லயே வந்தாச்சு. போர்ட் திறக்கிற துண்டை மட்டும் தனியாக் கொடுக்கலாம்.

அதையும் மீறி + தேவைப்படுற இடங்கள் இருக்கு. அப்போ ரெண்டு கேள்வி கேளுங்க. இந்த வரியை யார் ஓட்டுறாங்கங்கிறது முதல் கேள்வி, அதுக்கு ஃபைல்லயே பதில் இருக்கு. இந்த வரி யாரோட இடத்துல கை வைக்குதுங்கிறது ரெண்டாவது. அதிகாரம் இல்லாதவர் மாத்தி வைக்கக்கூடிய இடத்துல ரூட் கை வைக்குதுன்னா, அங்க + போடாதீங்க. உங்க டீமோட சர்வீஸ் ஃபைல்களை இந்த வாரம் ஒருதடவை திறந்து, + இருக்கிற வரிகளை எண்ணிப் பாருங்க. எத்தனை இருந்துதுன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.