ஜெர்மானிய முன்னோர் தேடல் (வேலூர்–ஆம்பூர் வட்டாரம்)

தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில் வாழ்ந்த ஜெர்மானியர்களின் பூர்வீகத்தைக் கண்டறியும் வம்சாவளி ஆய்வு. இவர்களில் தடம் தெளிவாகத் தெரிபவர்கள் மிஷனரிகளே. 1803இல் வேலூரில் இறந்த கிறிஸ்டியான் வில்ஹெல்ம் கெரிக்கே, 1742இல் கோல்பெர்க்கில் பிறந்தவர். அவ்வூர் இன்று போலந்தில், கோவோப்ஜெக் என்ற பெயரில் இருக்கிறது. ஜெர்மனி வரைபடத்தை மட்டும் துழாவினால் அகப்படாது. பிற்காலத்தில், லைப்சிக் மிஷனிலிருந்து விலகிய தியோடோர் நேதரும் ஃபிரான்ஸ் மோனும் அமெரிக்காவின் மிசௌரி லூத்தரன் திருச்சபை சார்பில் வந்தனர். 1895இல் கிருஷ்ணகிரியிலும் அடுத்த ஆண்டு ஆம்பூரிலும் பணி தொடங்கியது. ஆகவே இவர்களைப் பற்றிய தேடல் அத்திருச்சபையின் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகம் வரை நீளும்.

கெரிக்கே போன்ற முற்கால மிஷனரிகளுக்கு உதவும் தரங்கம்பாடி மிஷன் ஆவணங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரின் ஃபிராங்கே நிறுவனத்தில் உள்ளன. சென்னை மாகாண ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். ஜெர்மனி முழுவதற்குமான அரசுப் பிறப்புப் பதிவு 1876இல்தான் வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடே கதி. அதன் குரெண்ட் எனும் பழைய ஜெர்மன் கையெழுத்தில் ‘e’ என்ற எழுத்து ‘n’ போலவே தெரியும். அவசரமாகப் படித்தால் குடும்பப் பெயரே மாறிவிடும். கல்லறை வாசகங்களுக்கு ஜூலியன் காட்டன் 1905இல் வெளியிட்ட தொகுப்பை முதலில் பார்ப்பது நல்லது.