மீமாம்சை

மீமாம்சை (பெயர்ச்சொல்): ஆழ்ந்து ஆராய்தல், வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் முறையை வகுக்கும் சாஸ்திரம். ‘எண்ணுதல்’ என்ற பொருளுடைய ‘மன்’ என்னும் வடமொழி வேரிலிருந்து, ஆராயும் விழைவைச் சுட்டும் வடிவமாகப் பிறந்தது.

ஜைமினியின் சூத்திரங்கள் வேதத்தின் கர்ம பாகத்தை ஆராய்வதால் பூர்வ மீமாம்சை எனப்படும். பாதராயணரின் பிரம்ம சூத்திரம் உபநிடதங்களை ஆராய்வதால் உத்தர மீமாம்சை. இவ்விரண்டும் ஒரே சாஸ்திரமா என்பதில் ஆசாரியர்கள் வேறுபட்டனர். பிரம்ம சூத்திரத்தின் முதற்சொல் ‘அத’. ‘அதன்பின்’ என்று பொருள். எதன் பின்? விவேகம், வைராக்கியம் முதலிய நான்கு தகுதிகளைப் பெற்றபின் என்றார் சங்கரர். கர்ம விசாரம் முடிந்தபின் என்றார் ராமாநுஜர். ஆகவே அவருக்கு இரண்டும் ஒரே சாஸ்திரத்தின் பகுதிகள். இதை அவர் தம் பிரம்ம சூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் நிறுவினார்.

தர்மசாஸ்திர உரையாசிரியர்களும் மீமாம்சை விதிகளைக் கையாண்டனர். எடுத்துக்காட்டாக, இறந்தவரின் சொத்து நெருங்கிய சபிண்டருக்கு, அதாவது பிண்டத்தால் இணைந்தவருக்கு, சேரும் என்பது ஸ்மிருதி விதி. ‘பிண்டம்’ என்பதற்கு உடல் என்று பொருள்கொண்டு, இரத்த உறவை அளவுகோலாக்கியது விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம். நீத்தாருக்குப் படைக்கும் சோற்று உருண்டை என்று கொண்டு, அதைப் படைக்கும் உரிமையை அளவுகோலாக்கியது ஜீமூதவாகனரின் தாயபாகம். தமிழகத்தில் மிதாட்சரமும் வங்கத்தில் தாயபாகமும் வழங்கின. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இவ்விரு வாரிசு முறைகளின் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது.